கோல்டர்வில் மக்கள் ஒன்றியம், கனடா

ரொறன்ரோவில் ஒரு தமிழர் பனிச் சப்பாத்து இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம். ஊர் ஒன்றியம் இல்லாமல் சமாளிக்க முடியாது. கோடையில் பூங்காவில் ஒன்றுகூட, மார்கழியில் மண்டபம் எடுத்து விருந்து வைக்க, செத்தால் கண்ணீர் அஞ்சலி அடிக்க, எல்லாவற்றுக்கும் ஒன்றியம் வேண்டும். ஸ்ரீதரன் அண்ணையின் துயரமும் அதுதான். பிறந்த ஊரின் ஒன்றியத்திலிருந்து, பொதுக்கூட்டத்தில் அடிக்கக் கதிரை தூக்கிய குற்றத்துக்காக அவரை விலக்கியிருந்தார்கள். ஆகவே அவருக்கு அவசரமாக வேறோர் ஊர் தேவைப்பட்டது.

கனடாவுக்கு வருவதற்கு முன் அவர் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துக் கோல்டர்வில் என்னும் சிற்றூரில், கோழி வெட்டும் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் வேலை செய்தவர். அவ்வூரின் புவியியலாவது: வடக்கே சோளம், தெற்கே சோளம், கிழக்கே கோழித் தொழிற்சாலை, மேற்கே ஒரு பள்ளிக்கூடமும் ஒரு பெற்றோல் செட்டும். நடுவே ஒரு வாய்க்கால். இடுப்பில் சாரம் கட்டியவரும் ஒரே எட்டில் தாண்டலாம். குடித்தொகை, ஊர் எல்லையில் நிற்கும் பலகையின்படி, முந்நூற்றுப் பதினெட்டு.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் அவருடைய வீட்டு பேஸ்மெண்டில் ஒன்றியம் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது. அண்ணை தலைவர், அதே தொழிற்சாலையில் வேலை செய்த றெமிஜியஸ் செயலாளர், அவருடைய மனைவி எமில்டா பொருளாளர். நான் அந்த ஊரை ஒருமுறை காரில் கடந்திருந்தபடியால் ஊடகச் செயலாளர்.

யாப்பு எழுதினோம். கோல்டர்வில்லில் வாழ்ந்தோர், அவர்தம் வழித்தோன்றல்கள், சம்பந்திகள், வழி தவறி ஊருக்குள் நுழைந்தோர் அனைவரும் அங்கத்தவர் ஆகலாம். ஊரில் இப்போது வசிப்பவர்கள் ஆக முடியாது, அவர்கள் பயனாளிகள். ஸ்காபரோவின் லொறிச் சாரதிகள் பலர் அந்தப் பெற்றோல் செட்டில் கால் முகம் கழுவியவர்கள் என்பதால் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த கோடைக்குள் அங்கத்தவர் தொகை ஊரின் தொகையைத் தாண்டிவிட்டது. 'ஊரைவிடப் பெரிய ஒன்றியம், உலகில் முதன்முறை' என்று நான் அறிக்கை விட்டேன். மற்ற ஒன்றியக்காரர்கள் சிரித்தார்கள். இங்கே எல்லா ஒன்றியமும் அப்படித்தானாம், அது புதினமே இல்லையாம்.

இவ்வளவு வளர்ந்த பின் உடையாமல் இருந்தால் மரியாதை இல்லை.

"வாய்க்காலுக்குக் கிழக்கால இருந்தவைதான் உண்மையான கோல்டர்வில் ஆக்கள். தொழிற்சாலை எங்கட பக்கம்," என்றார் றெமிஜியஸ்.

"பள்ளிக்கூடம் எங்கட பக்கம். படிச்ச பக்கம் நாங்கள்," என்றார் ஸ்ரீதரன் அண்ணை.

"நீர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனனீரோ?"

"போகேல்லை. அதுக்கு முன்னால கார் பழுதாகி நிண்டனான்."

கிழக்குக் கோல்டர்வில் ஒன்றியம் அன்றைக்கே உதயமானது. இரண்டு ஒன்றியங்களும் அந்த ஊரின் மேயரையே விருந்துக்கு அழைத்துவிட்டதால், வேறு வழியின்றி ஒரே மண்டபத்தில், இரண்டு பதாகைகளின் கீழ், இரண்டு குத்துவிளக்குகளோடு விழா நடந்தது.

மேயர் டோனா என்ற அம்மையார். அந்தப் பெற்றோல் செட்டும் அவருடையதுதான். அவருடைய மகள் ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் கலியாணம் கட்டி இருந்தபடியால் வந்து போவது சுகமாக இருந்தது. இரண்டு விளக்கும் ஏற்றி, இரண்டு பொன்னாடையும் வாங்கிக்கொண்டு அவர் பேசினார். எமில்டா மொழிபெயர்த்தார்.

"எங்கட பள்ளிக்கூடத்தை மூடப்போகினம். பிள்ளையள் காணாதாம். அது மூடினா ஊர் முடிஞ்சுது. பிள்ளையளோட ஒரு அஞ்சு குடும்பம் வந்தாக் காணும். வீடுகள் சும்மா கிடக்கு. எங்கட ஊரில இவ்வளவு அன்பு வைச்ச சனம் இருக்கெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தயவுசெய்து ஆராவது வாங்கோ."

மண்டபமே அழுதது. நானும் அழுதேன், பொய் சொல்லக்கூடாது, உண்மையாகவே அழுகை வந்தது. ஸ்ரீதரன் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அம்மா, உங்கட கண்ணீர் எங்கட கண்ணீர். உங்கட ஊருக்கு ஒரு வரவேற்பு வளைவு கட்டித் தாறம்!"

"வளைவு எதுக்கு?" என்று கேட்டார் டோனா.

"ஊருக்கு வாறவையை வரவேற்க."

"ஆர் வருகினம்?"

"வளைவு திறக்கிற அண்டைக்கு நாங்கள் வருவம்."

"குடும்பத்தோட வந்து இருக்கலாமே?"

"பிள்ளையளின்ர படிப்புக் குழம்பும், அம்மா."

"அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கே!"

"அதைத்தான் மூடப்போகினம் எண்டு நீங்களே சொல்லுறியள்."

றெமிஜியஸ் மிகுந்த பணிவோடு எழுந்து, "உங்கட மகள் ஏன் அங்க இல்லை?" என்று கேட்டார். எமில்டா அதையும் மொழிபெயர்த்தார். "அவளுக்கு இங்க நல்ல வேலை," என்றார் டோனா, மெதுவாக. எல்லோரும் தலையாட்டினோம். அன்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டது அந்த ஓர் இடத்தில்தான்.

ஒன்றியம் இரண்டு என்பதால் வளைவும் இரண்டு ஆயிற்று: கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டியபோது, அவை ஊர் மக்களின் தொகையை மிஞ்சின. திறப்பு விழாவுக்கு பஸ் பிடித்துப் போனோம். கோல்டர்வில்லின் வரலாற்றில் அவ்வளவு சனம் ஒருநாளும் கூடியதில்லை. கொத்துரொட்டி சாப்பிட்டோம், ஊர்ப் பற்றுப் பாட்டுப் பாடினோம், பின்னேரமே திரும்பிவிட்டோம். மேற்கு வளைவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் யன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். டோனா அதைப் பார்த்தபடி நின்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. படம் எடுக்கும்போது பின்னால் பள்ளிக்கூடம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, பிள்ளைகள் உள்ளவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். ஆட்கள் இல்லை என்று கோழித் தொழிற்சாலையும் போயிற்று. பெற்றோல் அடிக்க ஆளில்லாமல் டோனாவும் செட்டை மூடிவிட்டு ரூஜுக்கு, மகளிடம் வந்து சேர்ந்தார். ஊரைவிட்டு வெளியேறிவிட்டபடியால் இப்போது அவருக்கு அங்கத்துவத் தகுதி கிடைத்தது. கிழக்கு ஆக்களும் அவரிடம்தான் பெற்றோல் அடித்தவர்கள், மேற்கு ஆக்களும் அவரிடம்தான் அடித்தவர்கள் என்று இரண்டு பகுதியும் ஒத்துக்கொள்ள, ஒன்றியம் மீண்டும் ஒன்றாகி, டோனா ஏகமனதாகத் தலைவரானார். ஸ்ரீதரன் அண்ணை கதிரை தூக்கவில்லை. போசகர் பதவி கொடுத்திருந்தோம்.

முதல் செயற்குழுக் கூட்டத்தின் நடுவே கோல்டர்வில்லிலிருந்து டோனாவுக்குத் தொலைபேசி வந்தது. அங்கே மிஞ்சியிருந்த கிழப் பாதிரியார். ஊரில் மருந்து வாங்கித் தரவும் ஆளில்லை, நீங்களாவது திரும்பி வாருங்கள் என்று அவர் கெஞ்சியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டோனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரப்பிள்ளையின் படிப்புக் குழம்பும் என்று சொன்னார். ஆனால் ஊரை ஒருநாளும் கைவிடமாட்டோம் என்று உறுதி கூறித் தொலைபேசியை வைத்தார்.

பிறகு எங்களைப் பார்த்து, புதிதாகப் படித்த தமிழில் கேட்டார்:

"வடக்குப் பக்கம் இன்னும் வளைவு கட்டேல்லை, என்ன?"