பிரக்கிராசியாரின் முதலாம் எதிரி

திருகோணமலையைப் பிடித்து ஆண்ட அத்தனை நாட்டுக்காரரையும் ஒருவர் பாக்கியில்லாமல் நேருக்கு நேர் நிறுத்தித் திட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் உப்புவெளிச் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறார். ஊர் அவரைப் பிரக்கிராசியார் என்று கூப்பிடும். எங்கள் பழைய பேச்சில் பிரக்கிராசி என்றால் வக்கீல். மனிதர் சட்டம் படித்தவரல்ல, பள்ளிக்கூட ஓ.எல். சோதனையையே மூன்று தரம் எடுத்தவர். ஆனாலும் ஒரு வெள்ளைக்காரருக்குக்கூட விசாரணை இல்லாமல் அவர் ஊர் சுற்றிக் காட்டியதில்லை.

அப்போது நான் உப்புவெளியில் ஒரு சின்ன ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தேன். விருந்தாளிகள் ஊர் பார்க்கக் கேட்டால் அவரைத்தான் கூப்பிடுவேன். மற்ற ஓட்டோக்காரர்கள் “வெல்கம் சேர்” என்று பல்லைக் காட்டுவார்கள். இவர் “எந்த நாடு?” என்று கேட்பார். நாட்டைச் சொன்னதும் வழக்கு ஆரம்பம். அவர் ஆங்கிலத்தில் பேசியதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அந்த ஆங்கிலத்தை உள்ளபடி எழுத எனக்குத் தைரியமில்லை.

இங்கிலாந்துக்காரர் என்றால் நேரே சீனக்குடா. உலக யுத்தத்துக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே காட்டுக்குள் நிரைநிரையாக நிற்கும்.

“வாடகை வீட்டை விட்டுப் போற ஆக்கள் சட்டி பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு போறேல்லையோ? உங்கட ஆக்கள் இதுகளை ஆர் தலையில கட்டிப்போட்டுப் போனவை?”

பிரெஞ்சுக்காரர் பாடு இன்னும் மோசம். “உங்கட ஆக்கள் வந்தினம். போயிட்டினம். பிறகும் வந்தினம். பிறகும் போயிட்டினம். திட்டுறதுக்கெண்டாலும் ஒரு சுவர் கட்டியிருக்கலாம்தானே?” இதைக் கேட்ட ஒரு பாரிஸ் தம்பதி மத்தியானச் சாப்பாட்டு மேசையிலும் இதே கவலையாக இருந்தார்கள்.

குற்றம் வாசித்து முடிந்தால் தண்டனை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கடலைப் பார்த்து நின்று ‘சொரி’ சொல்ல வேண்டும். ஏன் கடலைப் பார்த்து என்று ஒருநாள் கேட்டேன்.

“பிள்ளை, எல்லாரும் அதாலதானே வந்தவை. கண்ட சாட்சி அதுதானே.”

சொல்லிவிட்டால் வழக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவரைப்போல உபசரிக்க ஆளில்லை. தன் செலவில் செவ்விளநீர் வாங்கிக் கொடுப்பார். கோட்டைக்குள் திரியும் மான்களில் எது சாது, எது முட்டும் என்று சொல்லிக் கொடுப்பார். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார். அடுத்த வருடம் திரும்பி வருகிறவர்கள் பெட்டியை இறக்குமுன் “திட்டுகிற ஓட்டோக்காரர் இருக்கிறாரா?” என்று கேட்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெல்ஜியக் குடும்பம் வந்தது. அவர்கள் தங்களுக்குள் பேசியது ஒல்லாந்தரின் மொழி, டச்சு. அதைக் கேட்ட பிரக்கிராசியார் ஒல்லாந்தர்தான் என்று முடிவு கட்டி, நாட்டைக் கேட்கவில்லை. கோட்டை வாசலில், டச்சுக்குடாவில், துறைமுகத்தைப் பார்க்கும் மேட்டில் என்று இடத்துக்கொரு குற்றமாக வாசித்து முடித்தார். கடைசியில்தான் அந்த மனிதர் தாங்கள் பெல்ஜியம் என்றார். பிரக்கிராசியார் இடிந்துபோனார்.

“பொய் வழக்குப் போட்டிட்டன், சேர். போட்ட இடத்திலதான் வாபஸ் வாங்கவேணும்.”

மறுபடி கோட்டை வாசல், மறுபடி டச்சுக்குடா, மறுபடி மேடு. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, வாபஸ் வாங்கினார். அதற்குள் புறாத்தீவுக்குப் போகும் படகு போய்விட்டது. பெல்ஜியக்காரர் மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

எங்கள் மனேஜர் கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர். ஒரு நிமிடம் பிந்தமாட்டார், ஒரு சொல் மாறமாட்டார். “இன்னொரு முறைப்பாடு வந்தா அவர்ர ஓட்டோ இந்தக் கேற்றடிக்கு வரக்கூடாது” என்றார். சீசன் ஆறு மாதம்தான். அந்த ஆறு மாத உழைப்பில்தான் அவர் வீட்டில் வருடம் முழுக்க அடுப்பு எரிந்தது. ஓட்டங்களில் பாதிக்குமேல் எங்கள் கேற்றடியிலிருந்துதான். நான் விஷயத்தைச் சொன்னபோது மனிதர் துணியை எடுத்து ஹாண்டிலைத் துடைக்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் அவருக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று இருந்தது. முதலாம் எதிரி இன்னும் ஆஜராகவில்லை. பழைய கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கீசர்தான் அவர் கணக்கில் முதலாம் எதிரி. எத்தனையோ சீசன் காத்திருந்தும் ஒரு போர்த்துக்கீசர் வரவில்லை.

முறைப்பாடு வந்து பத்து நாள் இராது, தனியாக ஒரு அம்மா வந்தார். ஓய்வு பெற்ற ரீச்சர். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன், போர்த்துக்கல். மனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, “பிரக்கிராசியாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றார். நான் சொல்லவில்லை. அந்த அம்மா தானாகவே நடந்துபோய் அவருடைய ஓட்டோவில் ஏறிவிட்டார்.

“எந்த நாடு?”

சொன்னார். பிரக்கிராசியார் எஞ்சினை நிறுத்தினார். “பத்து நிமிஷம் பொறுங்கோ அம்மா” என்று அவரை இறக்கி, கதிரை கேட்டு வாங்கி இருத்திவிட்டு, வீட்டுக்குப் பறந்தார். திரும்பி வரும்போது ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். நான் பயந்துபோய், எனக்கும் கோயிலடியில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி ஏறிக்கொண்டேன்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை உச்சியில், கீழே கடல் தெரிய, அவர் தொடங்கினார். கோயிலை இடித்தது, கல்லைக் கடலுக்குள் தள்ளியது, மிஞ்சிய கல்லில் கோட்டை கட்டியது, எல்லாம் வந்தது. “உங்கட ஆக்கள்”, “உங்கட ஆக்கள்” என்று சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. இத்தோடு கேற் சாத்தப்பட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

“இவ்வளவும் உண்மையா?” என்று அவர் கேட்டார்.

“கல்லுத்தான் சாட்சி, அம்மா.”

“உங்கள் பெயர் என்ன?”

பிரக்கிராசியார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“பெர்னாண்டோ” என்றார்.

“எங்கள் ஊரிலும் இந்தப் பெயர் இருக்கிறது” என்றார் அந்த அம்மா. குத்திக் காட்டவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார்.

போர்த்துக்கீசர் காலத்து ஞானஸ்நானத்தில் வந்த பெயர், இரத்தத்தில் வந்ததல்ல என்று பிரக்கிராசியார் சொல்லியிருக்கலாம். எங்கள் தேவாலயப் பங்கில் பல குடும்பங்களின் கதை அதுதான். சுமாரான வக்கீல்கூட அப்படித் தப்பியிருப்பார். இவர் சுற்றி வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நின்றார்.

“அப்ப ரெண்டாம் எதிரி நான்தான், அம்மா. உங்களைத் தனிய நிப்பாட்டிப்போட்டு நான் கதைக்க ஏலாது.”

பிறகு முழு வழக்கையும் முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தரம் “எங்கட ஆக்கள் இடிச்சவை”, “எங்கட ஆக்கள் தள்ளினவை” என்று. முடிந்ததும் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள், அவர் தன் மொழியில், இவர் தமிழில். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் நின்று பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முறைப்பாடு வரவில்லை. அடுத்த மூன்று நாளும் அந்த அம்மாவுக்கு அந்த ஓட்டோதான் வேண்டியிருந்தது. மனேஜரும் கேற்றைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பிரக்கிராசியார் அதற்குப் பிறகும் ஒருவரையும் திட்டாமல் விடவில்லை. ஆனால் ‘சொரி’ சொல்லும் நேரத்தில் எந்த நாட்டுக்காரர் ஆனாலும் தானும் பக்கத்தில் போய் நிற்பார்.

எனக்கு இப்போது கொழும்பில் வேலை. திருகோணமலையில் என்ன பார்க்கலாம் என்று ஆட்கள் கேட்டால் முதலில் அவருடைய நம்பரைத்தான் கொடுக்கிறேன். கோட்டையும் கடலும் எங்கேயும் போகாது, பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். அவருக்கு வயது போகிறது, அவரை முதலில் பாருங்கள்.