தளம் இல்லாத வீட்டுக்கு வேட்டி துண்டு

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு ஒரே வீட்டின் இரண்டு வாசல் மாதிரி. எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் நுழைந்துவிடுவேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்ட ஆள் பிடிப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய். பிடித்த ஆளை நிறுத்துவதுதான் கஷ்டம். அதிலும் என்னைப் போல வாய் இல்லாதவனுக்கு.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டார் எதிர்த்துப் பேசாது என்பதால் எனக்குப் பொருத்தமான தொழில். மனிதர்களிடம் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒட்டன்சத்திரம் வரை போய், டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தவன் நான்.

இப்படிப்பட்டவன் முத்துக்காளை மேஸ்திரியிடம் வீட்டை ஒப்படைத்தேன். சாமான் என்னுடையது, ஆளும் வேலையும் அவருடையது என்று பேச்சு. பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். எப்படித் தொடங்குவது என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. எப்படி முடிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. (கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தானே இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.)

சுவர் நன்றாகவே எழும்பியது. மேலே காங்கிரீட் தளம் போட வேண்டிய நேரத்தில் மேஸ்திரி காணாமல் போனார். போன் செய்தால் “இந்தா வாரேன் அப்பு” என்பார். அந்த ‘இந்தா’ ஆனியில் சொன்னது, ஆவணியிலும் வந்துகொண்டே இருந்தது. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் மனையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தோம். வாங்கி அடுக்கிய சிமெண்ட் மூட்டைகளும் எங்களோடுதான் படுத்திருந்தன. ஐப்பசி மழைக்குள் தளம் ஏறாவிட்டால் சிமெண்ட் கல்லாகிவிடும், சுவர் ஊறிவிடும், கொட்டகையோ எங்களையும் சேர்த்து ஒழுகும். ஸ்டெல்லா ஒவ்வொரு மூட்டையாக விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

என்னிடம் மோட்டார் பழுது பார்க்கக் கொடுக்கும் வக்கீல் ஒருவரிடம் யோசனை கேட்டேன். ஒரு ஒப்பந்தம் சும்மா முடியாது என்றார். வேலை முழுசாக முடிந்தால் முடியும். இல்லையென்றால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு பிரியலாம். அதுவும் இல்லை, ஒருவர் சொன்னபடி செய்யவில்லை என்றால், இந்தக் குறை, இத்தனை நாளில் சரி செய், இல்லையென்றால் நிறுத்துகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, அப்புறம் நிறுத்தலாம். சொல்லாமல் வேறு ஆளைக் கொண்டுவந்தால் முறித்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும் என்றும் எச்சரித்தார்.

பேசாமல் முடிகிற வழி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, “ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துப்போனா முடியலாம் சூசை” என்றார்.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு பிரிகிற இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். மேஸ்திரி சின்னாளபட்டியில் வேறொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சாரத்துக்குக் கீழே நின்று, வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“அண்ணே, நம்ம வேலைய முடிச்சுக்கிருவோம்ணே.”

நான் சொன்னது, இத்தோடு போதும் என்று. அவர் காதில் விழுந்தது வேறு.

“முடிச்சிருவோம் அப்பு. நாளைக்கே ஆள் வரும்.”

வந்தார்கள். இரண்டு பேர். கூரையே இல்லாத வீட்டில் குளியலறைக்கு மட்டும் அழகாகப் பூச்சு பூசிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டெல்லா அந்தக் குளியலறைக்குள் நின்று வானத்தைப் பார்த்தாள். என்னதான் சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் மறுபடி சிமெண்ட் மூட்டைகளை அழுத்திப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்போதுதான் என் மூளையில் அந்த மின்னல் அடித்தது. (ஐந்தாம் வகுப்பு மூளை. மின்னலும் அந்த அளவுதான்.) எங்கள் பக்கம் வீட்டு வேலை முடிந்தால் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வோம். அதை வாங்கிக்கொண்டு அவர் கரண்டி, மட்டப்பலகையைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படியென்றால் வேட்டியைக் கொடுத்துவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் ஆளை அனுப்பிவிடலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா மாதா கோவிலில் இருந்து வருவதற்குள் மேஸ்திரியை வரவழைத்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, துண்டு. இரண்டு கையாலும் நீட்டினேன். மனிதர் திகைத்துப் போனார். மேலே ஒரு தடவை வானத்தைப் பார்த்தார், கீழே தட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. துண்டை அவர் தோளில் நானே போட்டேன். அவரோடு வந்த கொத்தனார் அதை செல்போனில் படம் பிடித்தார். மேஸ்திரி சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு வாழைப்பழம் உரித்துத் தின்றேன்.

சாயங்காலம் அந்தப் படம் மேஸ்திரியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்தது. கூரை இல்லாதது தெரியாதபடி சுவரோடு சேர்த்து எடுத்த படம். கீழே, ‘சூசை அண்ணன் இல்லம், வேலை இனிதே நிறைவு.’

பங்குச் சாமியார் போன் செய்து, வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க எப்போது வரட்டும் என்று கேட்டார். மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து ஸ்டெல்லாவின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார், கையில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபத்தோடு உள்ளே நுழைந்தவர், நடுக்கூடத்தில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“மாப்ள, காத்தும் வெளிச்சமும் நல்லாத்தான் வருது” என்றார்.

ஸ்டெல்லா எல்லோருக்கும் கொட்டகையில் சோறு போட்டாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பரிமாறும்போது மட்டும் என் இலைக்குக் கொஞ்சம் வேகமாக விழுந்தது.

அன்றைக்கே வக்கீலிடம் ஓடினேன். படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் பிரிவதற்குக் கொடுத்தது, ஊர் கண்ணுக்கு வேலை முடிந்ததற்கான சாட்சி ஆகிவிட்டதாம். அவர் குறை வைத்தார் என்று இனி நான் சொன்னால், குறை வைத்தவருக்கு ஏன் துண்டு போர்த்தினாய் என்று கேட்பார்களாம். இனி என்ன வழி என்றேன். வாய்தான் என்றார்.

அன்று முடிவு செய்தேன். என் வாயால் சொல்லித்தான் தீருவது. கடையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகினேன். ‘தளம் போடாம வேலை முடியாது’ என்று மோட்டாரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். போகட்டும். நான் நிறுத்தவில்லை.

மறுபடி சின்னாளபட்டி. அதே சாரம். இந்த முறை கீழே நிற்காமல் ஏறிப் போய் அவர் எதிரில் நின்றேன். சாரம் ஆடியது, ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, தளம் போடல. அதனால வேலை முடியல. வார ஞாயித்துக்கிழமைக்குள்ள தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்க ஆள் வரணும். வரலைன்னா நம்ம ஒப்பந்தம் அதோட சரி. நான் வேற ஆளை விட்டுப் போட்டுக்கிருவேன்.”

மோட்டாருக்குப் பழகிய குரல் என்பதால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சாரத்திலேயே உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

“மூணு வீட்டை ஒண்ணா ஒத்துக்கிட்டேன் அப்பு. ஒங்களுதுக்கு ஆள் இல்ல. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வேட்டி குடுத்தப்பவே வெளங்கிருச்சு, போன்னு சொல்றீகன்னு. அந்த மரியாதையோட போயிருவோம்னுதான் ஸ்டேட்டஸ் போட்டேன்.”

“அப்ப அழுதீகளே?”

“கூரை இல்லாத வீட்டுல வேட்டி வாங்குனது நான் ஒருத்தன்தான். அழுகாம என்ன செய்ய?”

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றே அவர் என்னோடு வந்தார். டேப்பின் ஒரு நுனியை அவரும் மறு நுனியை நானும் பிடித்து, செய்த வேலையை அளந்தோம். தளமும் மீதிப் பூச்சும் பாக்கி, இரண்டு பேர் சம்மதத்தோடு இத்தோடு நிறுத்துகிறோம் என்று எழுதி, வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டோம். கொடுத்த பணமும் செய்த வேலையும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. ஒட்டன்சத்திரத்து மேஸ்திரி ஒருவரை முத்துக்காளை அண்ணனே கைகாட்டினார். காங்கிரீட் போட்டு, அது இறுகத் தண்ணீர் கட்டி நிறுத்தியிருந்தபோதுதான் முதல் மழை வந்தது. தளத்துக்கு நல்லது என்றார்கள். நான் அடியில் போய் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தாளி நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கினாலும், மச்சான் என்னைப் பார்த்து, “மாப்ள, வேட்டி எடுத்தாச்சா?” என்பார். வந்தவருக்குப் புரியாது. மற்ற எல்லோரும் சிரிப்பார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா எனக்கு ஒரு பொட்டலம் நீட்டினாள். பிரித்தேன். வேட்டி, துண்டு. என்னையும் போகச் சொல்கிறாளோ? அவள் முகத்தையே பார்த்தேன்.

“சும்மா கட்டுங்க,” என்றாள், “ஒங்க வேலை இன்னும் முடியல.”

எழுதி முடித்தது: தை மாதம் பதினெட்டாம் தேதி, மத்தியானம், கடையில்.