இறங்கு சாமியார்

அரியலூர் வட்டாரத்தில் சைக்கிளில் ஏறியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்குவதற்காகவே அதில் ஏறியவர் ஒருவர்தான். எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலின் பங்குச் சாமியார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'இறங்கு சாமியார்'.

எழுபதுகளின் கடைசியில், விக்கிரமங்கலம் போகும் சாலையில் ஒரு ஊரில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். பள்ளியும் என் அறையும் பெரிய தெருவில். காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நான் மட்டும் மணியடித்துக்கொண்டு ஜம்மென்று போவேன். அதற்கு வெட்கப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சாமியார் இந்த வழக்கத்தைப் பார்த்தார். மறுநாள் முதல் எதிரே யார் வந்தாலும் இறங்கி நின்று, "தோத்திரம்ங்க" என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார். பெரிய தெரு, காலனி என்ற பேதமே இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை விட்டு வரிசையாக வருகிறவர்களைப் பார்த்தால் ஆளுக்கு ஒரு தடவை ஏறி இறங்குவார். ஆட்டுக்குட்டிக்கு இறங்கினார். கண்ணாடியை மறந்த அன்று சோளக்கொல்லை பொம்மைக்கும் இறங்கி, பதில் வரும்வரை காத்திருந்தார். ஏழு மணிப் பூசை ஒன்பதரைக்குத்தான் தொடங்கும்.

"இது என்ன சாமி, வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"எங்க ஆண்டவரு எம்மாம் ஒசரத்துலேருந்து மாட்டுக்கொட்டாய் வரைக்கும் இறங்குனாரு. அங்கயும் நிக்கல, சிலுவை வரைக்கும் போனாரு. நான் இறங்குறது ரெண்டரை அடி சார். இதுக்குப் போயி கேக்க வந்துட்டீங்களே!"

பெரிய வூட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை. தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். "எல்லாரும் எல்லாருக்கும் இறங்குனா, நமக்கு இறங்குறதுல என்னாய்யா மரியாதை?" என்று குமுறி, சாமியாருக்கு மேலே இருக்கும் ஆயருக்கு, அதாவது மேற்றிராணியாருக்கு, மனுப் போட்டார். பத்தே நாளில் உத்தரவு வந்தது: சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் பழக்கத்தை உடனே நிறுத்தவும்.

சாமியார் அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நடந்ததை எழுதிப் போடுங்க சாமி!"

"கீழ்ப்படியிறேன்னு வாக்குக் குடுத்துருக்கேன் சார். புடிச்சதுக்கு மட்டும் கீழ்ப்படிஞ்சா அதுக்குப் பேரு வேற."

அடுத்த நாள் நடந்து வந்தார். சைக்கிள் எங்கே என்றேன்.

"இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. ஏறாம இருந்துட்டா தொல்லை இல்ல பாருங்க. சவரிமுத்துக்குக் குடுத்துட்டேன்."

சவரிமுத்து காலனியில் பண்ணை வேலை பார்ப்பவன். அவன் மனைவி லூர்துவுக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை நடக்கவே கூடாது, வாரம் தவறாமல் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று அரியலூரில் டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரே வழி பெரிய தெரு. அங்கே பின்னால் உட்கார்ந்து வருபவரும் இறங்கியாக வேண்டும் என்பதால், லூர்து தெரு முழுக்க நடக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை. பின்னால் லூர்துவை உட்கார வைத்துச் சவரிமுத்து ஓட்டி வந்தான். பக்கத்தில் சாமியார், வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக.

"டேய், இறங்குடா!" பெரிய வூட்டுக்காரர் வாசலில் நின்றார்.

சவரிமுத்துவின் கால் பழக்கதோஷத்தில் தரையைத் தேடியது.

"நீ மிதிப்பா," என்ற சாமியார், அவரிடம் திரும்பிக் கை கூப்பினார். "ஐயா, யாராவது ஒருத்தர் இறங்கணும், அவ்வளவுதானுங்களே? நான் இறங்குறேங்க."

நடுத்தெருவில் மண்டியிட்டார். "இது போதுங்களா?" என்று கேட்டுவிட்டு நெற்றியையும் மண்ணில் வைத்தார். அந்தக் குரலில் துளிக்கூடக் கிண்டல் இல்லை. வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தேன். இவ்வளவு தாழ்ந்து கிடந்த ஒரு மனிதனை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்திரிங்க சாமி, சனம் பாக்குது," என்று பதறினார் பெரிய வூட்டுக்காரர்.

"அவங்க தெருவைத் தாண்டட்டுங்க."

இப்படி ஒவ்வொரு திங்களும். இரண்டாம் வாரம் பெரிய வூட்டுக்காரர் கத்தவில்லை. மூன்றாம் வாரம் வெளியே வரவில்லை. சாமியார் மட்டும் தவறாமல் மண்டியிட்டார். நான்காம் வாரம் பெரிய வூட்டுக் கதவு படாரென்று திறந்தது. சவரிமுத்து நடுங்கிப் போய்ச் சைக்கிளை மெதுவாக்கினான்.

"எலேய், என்னடா ஊர்வலமா போற? வெரசா மிதிடா! அந்த மனுசனுக்கு முட்டி தேயுதுல்ல!"

லூர்து பின்னால் உட்கார்ந்தபடியே தெருவைத் தாண்டினாள். அந்த வாரமே பெண் பிறந்தது. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சாமியார் ஜன்னலுக்கு வெளியே நின்று, "தாயும் புள்ளயும் சொகம் சார்," என்றார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன், எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் சாமியார். கோயில் வாசலையே மிதிக்காத நான் 'எங்கள்' என்று சொல்லலாமா? சொல்வேன்.