மெக்கானிக்கல் மட்டும் வேண்டாம், மருமகளே

என் தம்பி பெற்ற தங்கத்துக்கு,

அத்தை ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே அனைவரும் சுகம்தானே?

நேற்று உன் அப்பன் போன் செய்தான். "அக்கா, இவ மெக்கானிக்கல்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கம்ப்யூட்டர் படின்னா காதுலயே வாங்க மாட்டேங்குறா. நீ பட்ட பாட்டையெல்லாம் எழுது. பயந்து விட்டுருவா" என்றான். தம்பி கேட்டு நான் மறுத்ததில்லை. ஆகவே ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். பயந்துகொண்டே படி.

எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பட்டறை வகுப்புக்கு நீலச் சட்டையும் கால்சட்டையும் வேண்டும் என்றார்கள். தையல்காரர் பெண்பிள்ளைக்குக் கால்சட்டை தைத்தறியாதவர். அளவெடுக்கக் கூச்சப்பட்டு, என்னை வாசலில் நிறுத்திக் கண்ணாலேயே அளந்து தைத்துவிட்டார். உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம். அதை இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவு ராவு என்று ராவி, நாலு பக்கமும் நேராக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பட்டறை வாத்தியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, இட்ட வேலை சதுரம், செஞ்ச வேலை உருண்டை" என்பார். கையெல்லாம் கொப்புளம். ஆனால் ஒருநாள் அந்தத் துண்டு, அடுத்த துண்டின் பள்ளத்துக்குள் இடைவெளியே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது பார், அந்தச் சின்ன 'க்ளிக்' சத்தம் இன்றைக்கும் என் காதில்... அது கிடக்கட்டும். கொப்புளத்தை மட்டும் நினைவில் வை.

அடுத்தது கடைசி வருஷம். மூன்று பேர் சேர்ந்து ஒரு இயந்திரம் செய்து காட்ட வேண்டும். என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நெட்டைக்கொக்கு, வாசலில் தலை இடிக்காமல் அவன் எந்த அறைக்குள்ளும் நுழைந்ததில்லை. இன்னொருவன் தூங்குமூஞ்சி, பேருக்கு விளக்கம் தேவையில்லை. மின்சாரம் இல்லாமல் சைக்கிள் பெடல் மிதித்தே துணி துவைக்கும் இயந்திரம் செய்தோம். சங்கிலி நான் போட்டேன், டிரம் நெட்டைக்கொக்கு செய்தான், இயந்திரத்தின் கால்களைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்குவது தூங்குமூஞ்சியின் பொறுப்பு. அவன் முடுக்கப் போன இடத்திலேயே தூங்கிப்போனது எங்களுக்குத் தெரியாது.

துறைத்தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு பார்க்க வந்தார். விடுதியிலிருந்து ஒரு கனத்த போர்வையை உள்ளே போட்டோம். நெட்டைக்கொக்கு ஏறி மிதித்தான். நன்றாகத்தான் சுற்றியது. வேகம் கூடியதும் ஊறிய போர்வை ஒரு பக்கமாய் ஒதுங்கிக்கொண்டது. அவ்வளவுதான். இயந்திரம் முதலில் நடுங்கியது, பிறகு குதித்தது, பிறகு நெட்டைக்கொக்கைச் சுமந்துகொண்டு துறைத்தலைவரை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அவர் மேசைமேல் ஏறி, "நிறுத்துய்யா! நிறுத்து!" என்று கத்துகிறார். இவனோ, "நான் எப்பவோ நிறுத்திட்டேன் சார்! பெடல்தான் என் காலை விட மாட்டேங்குது!" என்று அலறுகிறான். சோப்புத் தண்ணீரை எல்லோர் முகத்திலும் வாரி இறைத்துவிட்டு, கதவைத் தாண்டி, படியிறங்கி, பூச்செடிகளுக்கு நடுவில் போய்ச் சாய்ந்தது.

துறைத்தலைவர் சொட்டச் சொட்ட இறங்கி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இது ஏன் நடந்துச்சு?" என்று கேட்டார்.

நான் பயத்தில், "கால்ல போல்ட் போடல சார். அதான் நடந்துச்சு" என்றேன்.

கூடமே வெடித்துச் சிரித்தது. தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டான். துறைத்தலைவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். பிறகு சாக்குக்கட்டியை என் கையில் திணித்து, "சரி, எந்த வேகத்துல நடக்க ஆரம்பிக்கும்? போடு கணக்கு" என்றார். அந்த மத்தியானம் முழுக்க, ஈரக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல், அவரும் நாங்களும் கரும்பலகையைக் கணக்குப் போட்டு நிரப்பினோம். பசியே தெரியவில்லை. அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாழ்க்கையில் பிறகு அதிகம் வாய்க்கவில்லை. எவ்வளவு பெரிய அவமானம் பார்த்தாயா?

வேலையாவது ஒழுங்காகக் கிடைத்ததா? ராட்சத மின்விசிறிகள் செய்யும் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. அதிகாரி, "படிக்கும்போது என்ன செஞ்சீங்க?" என்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டு, "அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சுழலும் எதுவும் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அன்றே கொடுத்தார்கள். அன்று பிடித்த சனி! கப்பலின் அடிவயிற்றில் வாந்தி எடுத்தேன், சுரங்கப்பாதைக் காற்றாடிக்குள் தலைகீழாய்த் தொங்கினேன், ஆஸ்பத்திரிக் கூரையில் வெயிலில் கருகினேன். கல்யாண வீட்டில்கூட மேலே விசிறி லேசாக உதறினால் எனக்குச் சோறு இறங்காது.

மற்ற இருவரும் உருப்படவில்லை. பெடலிடம் மாட்டிய நெட்டைக்கொக்கு, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை முழங்கால் செய்யப் போய்விட்டான். அவன் செய்த காலோடு முதன்முதலாய் ஒரு தபால்காரர் மாடிப்படி ஏறியபோது, இந்தக் கொக்கு கீழே நின்று குழந்தை மாதிரி அழுததாம். தூங்குமூஞ்சி ரயில் பிரேக் சோதிக்கப் போனான். ஊரே ரயிலில் நிம்மதியாகத் தூங்க, அவன் தன் தூக்கத்தை விட்டான். அவனைத்தான் நீ மாமா என்று கூப்பிடுகிறாய்.

இத்தனை சீரழிவு போதாதா? ஆகவே, கண்ணே, மெக்கானிக்கல் வேண்டாம். அப்பா சொல்படி கேள்.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உன் அப்பன் மறுபடி போன் செய்தான். "அக்கா, இனி எழுத வேணாம். அவளே கம்ப்யூட்டருக்குச் சம்மதிச்சுட்டா. நாளைக்கு மத்தியானம் போய்ச் சேத்துடுறேன்" என்று சிரிக்கிறான். அடிப் பாவி! ஒத்தக் காலில் நிற்கிறவள் இவ்வளவு சீக்கிரமா காலை மாற்றுவாள்? மேலே எங்கெல்லாம் 'வேண்டாம்' என்று இருக்கிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து படி. தபாலை நம்பினால் காரியம் கெட்டுவிடும் என்று விடியற்காலை வண்டியைப் பிடித்து நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். இந்த வரியை நீ படிக்கும்போது எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல், கம்ப்யூட்டரா, மெக்கானிக்கலா?