வலிக்காமல் பிடுங்கிய பல்

ஹார்லெம் நகரத்தில் பிறத்தியார் பல்வலியை வைத்துப் பிழைத்தவர் ஓவியர் யூரியான். நாற்காலியில் ஒரு குடியானவன் வாயைப் பிளந்து அலறுவான். இறகுத் தொப்பி வைத்த வைத்தியன் குறடும் கையுமாய் நிற்பான். சுற்றி நிற்கும் கும்பல் விழுந்து விழுந்து சிரிக்கும். இந்தப் படம் தொங்காத பீர்க்கடை ஊரில் கிடையாது. அலறுகிறவன் முகத்தைக் கோணலாக வரைய வரைய யூரியானுக்கு ஒரே ஆனந்தம்.

அப்படிப்பட்டவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. கிராம்பை அடக்கிப் பார்த்தார். பிராந்தியைக் கொப்பளித்துப் பார்த்தார். கொப்பளித்ததை விழுங்கியும் பார்த்தார். பல் மசியவில்லை.

"பேசாம போய்ப் பிடுங்கிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி ஹில்லகொண்ட்.

"எதுக்கு? எனக்கு என்ன வலியா?"

"அப்ப தலகாணி உறையைக் கடிச்சுக் கிழிச்சது யாரு?"

"எலியா இருக்கும்."

"அந்த எலிக்குப் பயமாங்க?"

"பயமா! எவன் எப்படி அலறுவான்னு ஊருக்கே வரைஞ்சு காட்டினவன்டி நான்!"

"அதனாலதான் கேக்கறேன்."

பயம்தான். குறடு உள்ளே போனதும் என்ன நடக்கும் என்று அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். வலியாவது போய்த் தொலையும். சந்தையில் பல் பிடுங்கும் மேடைக்குக் கீழே காகிதமும் கரிக்குச்சியுமாக மற்ற ஓவியர்கள் நிற்பார்களே! தன் கோணல் மூஞ்சி பீர்க்கடைச் சுவரில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பீர் குடிப்பது?

திருவிழாச் சந்தை கூடியது. பெரிய தேவாலயத்துக்கு எதிரே பல் வைத்தியன் பாஸ்தியான் மேடை போட்டான். அவன் தொழில் ரகசியம் யூரியானுக்கு அத்துப்படி. முதலில் மேடை ஏறுகிறவன் எப்போதும் பாஸ்தியானின் சொந்த ஆள். அவன் கன்னத்துக்குள் கோழி ரத்தப் பை. வைத்தியன் உள்ளங்கையில் ஏற்கனவே ஒரு பல். ஒரு சுண்டு, ஒரு துப்பு, பல் வந்துவிடும். 'ஆகா, வலிக்கவே இல்லை!' என்று ஊர் வாய் பிளக்கும். பிளந்த வாய்களில் அப்புறம் நிஜக் குறடு புகும்.

அந்த முதல் ஆளாகத் தானே ஏறிவிட்டால்? குறடு பல்லைத் தொடாது, மனைவி வாயும் அடங்கும். மேடைக்குப் புதுப் படுதா வரைந்து தருவதாகப் பேச்சு முடிந்தது. பாஸ்தியானுக்குக் கசக்குமா?

மறுநாள் காலை சந்தையே பார்க்க யூரியான் ராஜா மாதிரி உட்கார்ந்தார். முனகல்கூட இல்லை. சிவப்பாகத் துப்பிவிட்டுக் கைதட்டலுக்கு நடுவே இறங்கி வந்தார்.

"எங்கே, காட்டுங்க," என்றாள் ஹில்லகொண்ட் வீட்டில்.

"காத்து படக்கூடாதாம்."

"சாப்பிடலாமா?"

"தாராளமா!"

இந்த 'தாராளமா'வில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். ஹில்லகொண்ட் கல்லாய்க் காய்ந்த இஞ்சி பிஸ்கோத்தையும், நிலவறையிலிருந்து சில்லென்ற பீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பக்கமே நல்லாக் கடிங்க. எத்தனை நாளாச்சு, பாவம்."

கடித்தார்.

"என்னங்க, கண்ணுல தண்ணி?"

"சந்தோஷம்டி."

"இந்தாங்க, பீர். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுங்க."

பீர் பல்லைத் தொட்டதும் யூரியான் எழுந்து மேஜையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். ஹில்லகொண்ட் நிதானமாகத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். நேரே சந்தை. நேரே மேடை.

"வைத்தியரே! காலையில என் வீட்டுக்காரருக்குப் பிடுங்கினீங்களே, வலி அப்படியே இருக்கு!"

கூட்டம் நெருங்கி வந்தது. பாஸ்தியான் யூரியானைப் பார்த்தான். யூரியான் பாஸ்தியானைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஒருவனுக்கு ஊரில் இடமில்லை, இன்னொருவருக்கு மானமில்லை.

"உங்க மேல தப்பு சொல்லலீங்க," என்றாள் ஹில்லகொண்ட், தேன் ஒழுகும் குரலில். "ஒருவேளை பக்கத்துப் பல்லோ என்னவோ?"

"அதேதாம்மா! பக்கத்துப் பல்!" பாஸ்தியானுக்குப் போன உயிர் வந்தது. "உட்காருங்க ஐயா!"

"எனக்கு... இப்ப வலியே இல்ல..."

"கூச்சப்படறாரு. பிடிச்சு உட்கார வைங்க," என்றாள் ஹில்லகொண்ட்.

இரண்டு தடியர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். அலறல் வெளியே கேட்காமலிருக்க மேளக்காரன் குச்சியை ஓங்கினான். ஹில்லகொண்ட் தடுத்தாள்.

"மேளம் எதுக்குப்பா? காலையில எல்லாரும் பார்த்தீங்களே. மூச்சுவிடாம உட்கார்ந்திருந்த மனுஷன்!"

மேளம் நின்றது. குறடு உள்ளே போனது. அலறல் ஆற்றங்கரைக் காற்றாலை வரைக்கும் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். தான் இத்தனை வருஷமாக வரைந்த எந்த முகத்தையும்விடக் கோணலான முகத்தோடு யூரியான் துள்ளினார். சந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கீழே, முதல் வரிசையில், ஊர் ஓவியர்கள் அத்தனை பேரின் கரிக்குச்சியும் பறந்துகொண்டிருந்தது.

ஹில்லகொண்ட் கணவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, முகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இப்பவே நல்லாப் பார்த்து வரைஞ்சுக்கங்க, அண்ணன்மாரே! இவருக்கு இருந்தது ஒரே ஒரு சொத்தைப் பல்லுதான்."