செவலையின் குளம்படி

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னரைக் குடிமக்களே தேர்ந்தெடுக்கும் நாடு வேங்கைநாடு. அவர்களும் சலிக்காமல் அதே மன்னரையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். ஒரு தேர்தலுக்கு முந்தைய ஆண்டு, எல்லையைக் காக்கக் குதிரைக் காவல்படை தொடங்கப்பட்டது. மொத்தம் நூறு குதிரைகள். தொடக்க விழா ஊர்வலம் அத்தனை அழகாக அமைந்துவிட்டதால், தொண்ணூற்றொன்பதைத் தலைநகரிலேயே நிறுத்திக்கொண்டு ஒன்றை எல்லைக்கு அனுப்பினார்கள்.

அதன் பெயர் செவலை. எல்லையோரக் கள்ளிமேட்டைச் சேர்ந்த வீரணன் அதற்குக் காவலனானான். காலையில் ரோந்து போவான். உச்சிப்பொழுதில் மனைவி செல்லக்கிளி ஊற்றும் கூழுக்குத் திரும்பிவிடுவான். எல்லைக்கு அப்பால் மணலைத் தவிர வேறெதுவும் இல்லை.

மூன்றாம் மாதம் அமைச்சர் தண்டபாணியார் பல்லக்கில் ஆய்வுக்கு வந்தார். மணலில் குளம்படிகளைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

“எதிரியின் குதிரைப்படை!”

“ஐயா, அது நம்ம செவலையோட காலுங்க.”

“அரசுக் குதிரைக்குத் தொடையில் முத்திரை உண்டு. இந்தத் தடத்தில் முத்திரை எங்கே?”



மக்களின் பாதுகாப்புக்காகக் கள்ளிமேடு காலி செய்யப்பட்டது. குளம்படி ஒரு மாதம் தென்படாவிட்டால் எல்லோரும் திரும்பலாம் என்றது ஆணை. ரோந்து ஒரு நாளும் நிற்கக் கூடாது என்றதும் அதே ஆணைதான்.

“கூழு பானையில இருக்கு, பொங்கிப் புளிக்கறதுக்குள்ள குடிச்சிரு!” என்று வண்டியிலிருந்து கத்தினாள் செல்லக்கிளி. அதன்பின் வீரணனோடு பேச ஆளில்லை. முப்பது வீட்டு வாசலிலும் மணல் ஏறியது. ஆளில்லாத ஊரைக் காவல் காப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

கடைசியில் சாக்கைக் கிழித்துச் செவலையின் நான்கு கால்களிலும் கட்டினான். முப்பது நாளும் ஒரு குளம்படி விழவில்லை. அமைச்சர் மறுபடி வந்து மணலை நெடுநேரம் பார்த்தார்.

“எதிரி கைதேர்ந்துவிட்டான். இப்போது தடமே இல்லாமல் வருகிறான்.”

மேலும் பத்து ஊர்கள் காலியாயின.

செல்லக்கிளியிடமிருந்து கடிதம் வந்தது. “எல்லையில குதிரைக்காரன் ஒருத்தன் திரியுறானாமே. அவனப் புடிச்சாத்தான் எங்கள அனுப்புவாங்களாம். நீ அவன் கண்ணுல பட்டுறாத.”

வீரணனுக்கு அழுகை வந்தது. செவலையின் கழுத்தில் சாய்ந்துகொண்டே பதில் எழுதினான்: “அவனத் தெனமும் பாக்குறேன். பாவம், அவனுக்கும் வீட்டுக்குப் போகணும்னுதான் இருக்கு.”

கடிதங்களை அரசு பிரித்துப் படிப்பது அந்நாட்டு வழக்கம். தேர்தலுக்கு முந்தைய நாள், தொண்ணூற்றொன்பது குதிரைகளின் நடுவே நின்று, எதிரியைக் கண்ணால் கண்ட சாட்சி கிடைத்துவிட்டதாக மன்னர் அறிவித்தார்.

மறுநாள் வரிசையில் முதல் ஆளாக நின்று செல்லக்கிளி அவருக்கே வாக்களித்தாள். அவள் புருஷனைக் காப்பாற்ற வேறு யார் இருக்கிறார்கள்?