ஓரகத்தி சொன்ன ஒயர்

பொறாமையே படாத பெண்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். அவர்களுக்கு ஓரகத்தி இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒருத்தி இருக்கிறாள். என் கொழுந்தனின் மனைவி, பெயர் முத்துச்செல்வி.

அவள் வரும்வரை எங்கள் வீட்டில் நான்தான் ராணி. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், இன்ஜின் அசெம்பிளி லைனில் எனக்கு வேலை. தெருவில் யாரைப் பார்த்தாலும் என் மாமியார், "எங்க உமா இன்ஜின் செய்யுது" என்று பெருமையடிப்பார். உண்மையில் நான் செய்வது, வருகிற இன்ஜினுக்கெல்லாம் ஹெட் போல்ட் முடுக்குவது. முடுக்கினால் பச்சை விளக்கு எரியும், இன்ஜின் நகர்ந்துவிடும். அதற்கப்புறம் அது எப்படி உயிர் பெறுகிறது என்பது அடுத்து நிற்பவர்கள் பாடு. இந்தச் சின்ன விவரத்தை நான் வீட்டில் சொன்னதில்லை. (யாரும் கேட்கவும் இல்லை.)

முத்துச்செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில், கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை. ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்று நின்று என் கொழுந்தனுக்கு மனைவியானவள். வந்த மாதமே மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவள் வைத்த மீன் குழம்பை மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வந்து இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் குழம்பை ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்தச் சமயம் பார்த்து மாமனாரின் பழைய கார் வெள்ளைப் புகை கக்கிப் படுத்துவிட்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போயிருந்தது. மறைமலை நகரில் மாமியாரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பெண்டாட்டியின் கண் எதிரே காரில் போய் இறங்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. (பொறாமையை நான் ஒன்றும் அந்த வீட்டுக்குப் புதிதாகக் கொண்டுவரவில்லை.)

"மெக்கானிக் எதுக்கு அத்தை? நான் பண்றேன்" என்றேன்.

கழற்றுவது சுலபமாக இருந்தது. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை முறைப்படி முடுக்கினேன். அந்த ஹெட் போல்ட்டுகளை இன்றுவரை ஒருவரும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, வீடே கூடி நிற்க, சாவியைத் திருப்பினேன். கர்ர் என்று சுற்றியது. கார்புரேட்டரில் 'டப்' என்று ஒரு வெடி. மறுபடியும் கர்ர். கிளம்பவே இல்லை.

முத்துச்செல்வி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கென்று ஒரு வாரம் லீவு எடுத்திருந்தவள், அந்த லீவு முழுவதையும் அந்த ஸ்டூலில்தான் கழித்தாள்.

"யக்கா, பிளக்குக்குப் போற ஒயரு மூணும் எடம் மாறிட்டோ என்னமோ. கழட்டுதப்ப அடையாளத்துக்கு டேக்கு கட்டுனியளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கட்டவில்லை. எங்கள் லைனில் எதையும் கழற்றுவதே கிடையாது. மாட்டுவது மட்டும்தான்.

"இது இன்ஜின் பிரச்சினை முத்து. ஒயர் சமாச்சாரம் இல்ல" என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது ஒயர்தான் என்று. ஆனால் அவள் சொல்லி வண்டி கிளம்பினால், மீன் குழம்போடு இன்ஜினும் அவள் பேருக்குப் போய்விடும். ஆகவே ஒயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்தேன். பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. டைமிங் பெல்ட்டின் குறிகள் நேராக இருந்தன. கம்ப்ரஷன் பார்க்கிற மீட்டரை இரவல் வாங்கி வந்து பார்த்தேன், அதுவும் பிரமாதம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரியத் தெரிய எனக்கு அழுகை முட்டியது. கடைசியில் ஹெட்டையே மறுபடி கழற்றி இன்னொரு கேஸ்கெட் வைத்தேன்.

"இன்னாடி, ரெண்டாவது தபா கழட்டிக்கினு கீற?" என்றார் என் கணவர்.

"செட்டாகல" என்றேன். எது செட்டாகவில்லை என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

கல்யாணத்தன்று காலை முத்துச்செல்வியைப் பூ வாங்க அனுப்பினேன். (பூ வீட்டிலேயே இருந்தது. பிரிட்ஜில் கத்தரிக்காய்க்கு அடியில் தள்ளிவிட்டிருந்தேன்.) பட்டுப்புடவையோடு பானட்டுக்குள் குனிந்து, மூன்று ஒயர்களையும் இடம் மாற்றி மாற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். திடீரென்று கார் கிளம்பிவிட்டது. மாமியார் ஓடி வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறியிருக்கலாம்.

முத்துச்செல்வி பூவோடு வந்து நின்றாள். "ஒயருதானக்கா?"

"இல்ல. கார்புரேட்டர்ல தூசி."

"முத்து மொத நாளே ஒயருன்னு சொல்லிச்சே" என்றார் மாமியார்.

"ஒயருக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல அத்தை. வேணும்னா பழையபடி மாத்தி மாட்டிக் காட்டறேன், பாருங்க."

யாரும் கேட்கவில்லை. சத்தியமாக ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாக இன்ஜினை அணைத்தேன். நானாக ஒயர்களைப் பிடுங்கி, ஒரு வாரமாக எப்படித் தப்பாக இருந்ததோ அப்படியே மாட்டினேன். எந்த தைரியத்தில் செய்தேன் என்று இன்றும் புரியவில்லை. என் வயிற்றெரிச்சலைப் பார்த்து இன்ஜினே இரக்கப்படும் என்று நினைத்தேனோ என்னவோ. சாவியைத் திருப்பினேன். கர்ர். டப். கர்ர். கர். கடக். ஒரு வாரமாக நான் வதைத்த பேட்டரி அத்தோடு கண்ணை மூடிவிட்டது.

"இப்ப இது இன்னா, தூசியா?" என்றார் மாமியார்.

முகூர்த்த நாள் என்பதால் ஆட்டோ, டாக்சி எதுவும் சிக்கவில்லை. தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிற மினி வேனில் போனோம். மாமியார் டிரைவர் பக்கத்தில், மற்றவர்கள் பின்னால் காலிக் கேன்களோடு. போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, முதல் பந்தியும் எழுந்துவிட்டது. அண்ணன் பெண்டாட்டி மண்டப வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"இன்னா சரோஜா, கார்ல வரேன்னு சொல்லிக்கினு இருந்தியே?"

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் கேனுக்குள் ஒளிந்திருப்பேன், கேனின் வாய் சின்னதாக இருந்தது.

மறுநாள் முத்துச்செல்வி பேட்டரியைச் சார்ஜ் போட அனுப்பி, ஒயர்களைச் சரியாக மாட்டி, ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி எண் எழுதினாள். கார் முனகாமல் கிளம்பியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகப் பொய் சொல்ல முடிவதில்லை. காபியில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை என்று மாமனார் சாதித்தால், "மாத்தி மாட்டிக் காட்டு" என்கிறார் மாமியார். லேட்டாக வந்து ஓ.டி. என்று சொல்லும் கணவரிடம் நானே அதைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். மறைமலை நகர் உறவுக்காரர்கள்கூட போனில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முத்துச்செல்வி மட்டும் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தால், "விடுங்கத்தை, அக்கா பாவம்லா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். ஒரே ஒரு முறை அவளும் சொல்லிச் சிரித்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். மாட்டேன் என்கிறாளே. நல்லவள் என்கிற பேரையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.